மூடி போட்ட லென்ஸ்

விடிகாலை நாலரை மணி. கடலை ஒட்டிப் போகிற பழைய கிடங்குத் தெரு. இரண்டு பக்கமும் பூட்டிய கதவுகள். ஒரு தெருவிளக்கு எரியும், அடுத்தது எரியாது. ஒரே ஒரு சின்னக் கார் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே 'டிங்... டிங்... டிங்...' என்று விடாமல் ஒரு சத்தம். பக்கத்து சீட்டுக்காரர் பெல்ட் போடவில்லை. அதற்காகக் கார் கத்துகிறது.

அந்த 'டிங்'கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண் கூசுகிறது. கரண்ட் இப்போதைக்கு வராது, மழையும் விடுகிற மாதிரி இல்லை. பக்கங்கள் அச்சுக்குப் போக எப்படியும் காலை ஆகிவிடும். ப்ரூஃப் பார்க்கும் அம்மா வற்புறுத்தினார்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். அப்புறம் தூக்கம் வரவில்லை என்று எனக்கு யாரும் ஃபோன் பண்ணக் கூடாது.

எனக்கு ஒரு சிநேகிதன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். எங்கள் கூட்டத்தில் அவனுக்குப் பெயரே 'கண்ணாடி'தான். இது அவனுடைய அக்காவுக்கு நடந்தது. கடைசிக் கொஞ்சம் மட்டும்... என் கண்ணெதிரே நடந்தது.

அக்கா புகைப்படக்காரி. கல்யாணம், பிறந்தநாளெல்லாம் எடுக்க மாட்டாள். நகரம், கடல், பாலம், இவைதான். அதுவும் 'க்ளிக்' என்று எடுக்கிற படம் இல்லை. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்து, நாலு நிமிஷம் அப்படியே விட்டுவிடுவாள். அந்த நாலு நிமிஷத்தில் அலையெல்லாம் குழைந்து பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். போகிற கார் சிவப்புக் கோடாகிவிடும். நடந்து போகிற ஆள் படத்தில் விழவே மாட்டான். அசையாமல் நிற்கிறவன் மட்டும் விழுவான். இப்படி நாலைந்து படம் எடுத்து, ஒன்றிலிருந்து வானம், ஒன்றிலிருந்து தண்ணீர், ஒன்றிலிருந்து அக்கரை விளக்குகள் என்று கம்ப்யூட்டரில் அடுக்கி ஒரே படமாகக் கலந்துவிடுவாள்.

அவள் படம் எல்லாவற்றிலும் தூரத்தில் ஒரு மனிதன் நிற்பான், அத்தனை பெரிய கடலுக்கு முன்னால் சுண்டுவிரல் அளவில். அது அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக்.

அவருக்கு வீட்டில் 'பம்பரம்' என்று பெயர். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். நின்றால் பாதம் தாளம் போடும். டிவி பார்க்கும்போது நாற்காலி 'டக் டக் டக்'கென்று தரையில் தட்டும். தூக்கத்தில்கூடக் கட்டைவிரல் ஆடும் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட ஆளை நாலு நிமிஷம் அசையாமல் நிற்கச் சொன்னால்? படத்தில் அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகைதான் இருக்கும். "என் மாமா ஆம்பளையா இல்ல ஊதுபத்தியா?" என்று கண்ணாடி கிண்டல் பண்ணுவான். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கும்போதும் முழங்கால் ஆடும்.

அந்தப் புகையை அக்கா எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள். இடது பக்கம் கொஞ்சம் அகலமாக, முழங்கால் பக்கம் பஞ்சு பிய்த்த மாதிரி. அத்தனை வருஷமாகப் பார்த்த புகை.

அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. படம் முடிந்ததும் அக்கா இங்கிருந்து டார்ச்சை இரண்டு தடவை மின்ன வைப்பாள். 'முடிஞ்சது' என்று அர்த்தம். மாமா அங்கிருந்து தன் டார்ச்சை வட்டமாகச் சுற்றுவார். 'பார்த்துட்டேன்.' பிறகு அக்கா ஒரே ஒரு தடவை மின்ன வைப்பாள். 'வாங்க.' அந்த ஒன்று வரும்வரை மாமா இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. ஒருமுறை பாதிப் படத்தில் கிளம்பி வந்து, நல்லதொரு வானத்தைக் கெடுத்துவிட்டார். அதிலிருந்து இந்தச் சட்டம். எதில் விளையாடினாலும் இதில் மட்டும் மாமா விளையாட மாட்டார்.

அன்றைக்கு விடிகாலை அந்தக் கிடங்குத் தெரு வழியாக அவர்கள் போனது, கடலுக்குள் நீளும் ஒரு பழைய இரும்புப் பாலத்துக்கு. முன்பு கப்பல் சரக்கு இறக்கியது. இப்போது தூண்டில் போடுகிறவர்கள் மட்டும் வருவார்கள், அதுவும் வெயில் வந்த பிறகு. அக்காவின் கண்காட்சிக்கு அந்த ஒரு படம்தான் பாக்கி. பாலத்தின் கோடியில் ஒரு மனிதன், அவனுக்கு அந்தப் பக்கம் நகரத்து விளக்குகள். இதற்காக அங்கே எத்தனையோ தடவை வந்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் புகை.

"இன்னிக்குப் பாரு, சிலையா நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாமா பாலத்தில் நடந்தார். இரும்புத் தகட்டில் செருப்புச் சத்தம் வெகுதூரம் கேட்டது.

முதல் படம். நாலு நிமிஷம். திரையில் பெரிதுபடுத்திப் பார்த்தாள். புகை.

கண்காட்சிக் கவலை, தூக்கமில்லாத கண், குளிர்... ஃபோனை எடுத்தாள்.

"உங்களால ஒரே ஒரு தடவை அசையாம இருக்க முடியாதா? உங்களுக்குப் பதிலா வேற யாரையாவது நிக்க வச்சிருக்கலாம்!"

"சரி சரி, கோவிச்சுக்காத. இந்தத் தடவை மூச்சுகூட விடமாட்டேன். போதுமா?"

மாமா அவளிடம் பேசியது அதுதான் கடைசி.

இரண்டாவது படத்துக்கு ஷட்டரைத் திறந்தாள். திறந்ததுமே காற்று நின்றுவிட்டதாம். அதுவரை 'கிரீச்... கிரீச்' என்று முனகிக்கொண்டிருந்த பாலமும் நின்றது. அலைச் சத்தம்கூட ஏதோ அடுத்த அறையில் கேட்கிற மாதிரி. துரு வாசனை மட்டும் திடீரென்று தூக்கலாக வந்தது, ஈர இரும்பை மூக்கருகே பிடித்த மாதிரி.

நாலு நிமிஷம் முடிந்தது. திரையைப் பார்த்தாள்.

கத்தியால் வெட்டி வைத்த மாதிரி ஒரு மனிதன். மேல்கோட்டின் ஓரம் தெரிகிறது. விரல்களை எண்ணலாம். தலைமுடிகூடக் கலையவில்லை.

அக்காவுக்கு ஆனந்தம். "வந்துட்டார்டா!" என்று தனியாகக் கத்தினாளாம். டார்ச்சை இரண்டு தடவை மின்ன வைத்தாள். வட்டம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக அவர் பாலத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். 'இன்னிக்கு என்ன அவசரமோ' என்று நினைத்துக்கொண்டாள். அதுதான் வந்துகொண்டிருக்கிறாரே... மூன்றாவது மின்னல் எதற்கு?

அவள் மின்ன வைக்கவில்லை.

அவர் வந்து சேர்வதற்குள் இன்னொரு வேலை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். நாலு நிமிஷம் திறந்திருந்தால் கேமரா சூடாகிப் படத்தில் பொட்டுப் பொட்டாக நிறப் புள்ளிகள் விழும். அதை எடுக்க ஒரு வழி. லென்ஸுக்கு மூடி போட்டுவிட்டு அதே நாலு நிமிஷம் இன்னொரு படம் எடுப்பார்கள். உள்ளே வெளிச்சமே போகாது. வெறும் இருட்டும் அந்தப் புள்ளிகளும்தான் பதியும். பிறகு கம்ப்யூட்டரில் நல்ல படத்திலிருந்து இந்தக் கறுப்புப் படத்தைக் கழித்தால், புள்ளிகள் போய்விடும். கறுப்புப் படத்தை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

மூடியைப் போட்டாள். ஷட்டரைத் திறந்தாள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து பக்கத்தில் நின்றார். செருப்புச் சத்தம் கேட்டதா என்று பிறகு யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

"கோவமா?" என்று கேட்டாள். பதில் இல்லை. சரி, திட்டிவிட்டோம், முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று விட்டுவிட்டாள்.

காரில் ஏறினார்கள். அவர் டாஷ்போர்டில் தாளம் போடவில்லை. ஜன்னலை ஏற்றி இறக்கவில்லை. பெல்ட்டும் போடவில்லை. கிடங்குத் தெரு முழுக்க அமைதியாக வந்தார்கள். முழு அமைதி.

ப்ரூஃப் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, முகத்தைப் பாருங்கள். ஆமாம். 'டிங்' இல்லை. சீட்டில் ஆள் இருந்தால் பெல்ட் போடும்வரை கத்துகிற கார் அது. அந்தச் சீட்டில் ஆள் இருப்பதாகவே கார் நினைக்கவில்லை.

அக்காவுக்கு அது அப்போது உறைக்கவில்லை. படத்தைக் கலக்கிற அவசரம். அவரைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தேநீர் போட்டு வைத்துவிட்டு, பக்கத்து அறையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். வானம், தண்ணீர், விளக்குகள், மனிதன். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. அழகென்றால் அப்படியொரு அழகு. கடைசியாக, பழக்கத்தில், கறுப்புப் படத்தைக் கழித்தாள்.

பாலத்தின் கோடியில், அந்த மனிதனுக்குப் பக்கத்தில், கருகின மாதிரி ஓர் ஓட்டை விழுந்தது.

கழிக்கிற படத்தில் வெளிச்சம் இருந்தால்தான் அப்படிக் கறுப்பு விழும். மூடி போட்ட லென்ஸில் வெளிச்சம் எப்படி வரும்? முதல் தடவையாக ஒரு கறுப்புப் படத்தைத் திறந்து பார்த்தாள்.

இருட்டு. நிறப் புள்ளிகள். நடுவில்...

புகை.

இடது பக்கம் கொஞ்சம் அகலம். முழங்கால் பக்கம் பஞ்சு பிய்த்த மாதிரி. அதன் கையருகே வெளிச்சத்தில் ஒரு வட்டம். ஒன்றல்ல, வட்டத்தின் மேல் வட்டம், அதன் மேல் வட்டம். நாலு நிமிஷமும் சுற்றியிருக்கிறார். 'பார்த்துட்டேன்... பார்த்துட்டேன்... பார்த்துட்டேன்...'

அடுத்த மின்னலுக்காக அங்கேயே காத்துக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் அக்கா காதைத் தீட்டிக் கேட்டாள். சாப்பாட்டு அறையில் நாற்காலி தட்டவில்லை. வீட்டில் எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை. துரு வாசனை மட்டும்.

தம்பிக்கு ஃபோன் பண்ணினாள். "உடனே வா. மாமா பக்கத்துல உட்காரு. ஏன்னு கேக்காத." கண்ணாடி கடையைக்கூடத் திறக்காமல் ஓடினான். அவன் உள்ளே நுழைய, அவள் கேமராவோடு வெளியே போனாள்.

கண்ணாடி என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "தேநீர்ல ஆடை கட்டியிருந்துச்சுடா. மாமா தொடவே இல்ல. 'மாமா, ஊதுபத்தி அணைஞ்சிடுச்சா'ன்னு கேட்டேன். திரும்பல. அப்புறம் ஒரு ஈ வந்து அவர் கன்னத்துல உட்கார்ந்துச்சு. மெதுவா மேல ஏறிச்சு. கண்ணு மேலயே நடந்துச்சுடா... திறந்த கண்ணு மேல. இமைக்கல."

அங்கே பாலத்தில் நன்றாக வெயில் ஏறிவிட்டது. தூண்டில்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முக்காலியை அதே இடத்தில் நிறுத்தி, மூடியைப் போட்டாள். ஷட்டரைத் திறந்தாள்.

ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, மூடியைக் கழட்டலையே!"

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சேவா?" என்று அவர் பக்கத்து ஆளை இடித்துக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா நாலு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். படத்தைத் திறந்தாள். சுள்ளென்ற வெயிலில் எடுத்த அந்தப் படத்தில் இருட்டும், கோடியில் அதே புகையும். வட்டம் மட்டும் இப்போது சிறிதாகிவிட்டிருந்தது. கை சலித்துப்போன மாதிரி.

டார்ச்சை எடுத்தாள். வெயிலில் யாருக்கும் தெரியாத வெளிச்சம். ஒரே ஒரு தடவை மின்ன வைத்தாள்.

அடுத்த படத்தில் புகை பாலத்தோடு நீண்டு, பாதி தூரம் வந்திருந்தது. அதற்கு அடுத்த படத்தில் இருட்டே இல்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை புகை. லென்ஸுக்கு நேர் முன்னால் வந்து நின்றிருக்கிறார்.

அக்கா எதிரே பார்த்தாள். யாரும் இல்லை. தூண்டில்காரர் மட்டும், "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார்.

முக்காலியை மடக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள். தன் பக்கத்துக் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினாள். பக்கத்துச் சீட் காலி.

'டிங்... டிங்... டிங்... டிங்...'

ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாளாம். பிறகு கையை நீட்டி, காலிச் சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், சரி. வீட்டில் நாற்காலியில் இருக்கிறதே, அது?

காதுக்குப் பின்னால் இருக்கும் தழும்பு மாமாவுடையதுதான். நாடி துடிக்கிறது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்றார். கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் நடக்கும். உட்கார வைத்தால் உட்காரும். ஒருநாள் அக்கா அதைப் பாலத்தின் கோடியிலேயே விட்டுவிட்டு வந்தாள். வீட்டுக் கதவைத் திறந்தபோது நாற்காலியில் இருந்தது.

அப்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். உடம்பு மாமாவுடையது, உள்ளே இருப்பது யாரோ. மாமா வெளியே நிற்கிறார். எப்படியாவது அவரைத் திரும்ப உள்ளே சேர்த்துவிட வேண்டும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் படம் கலக்கிறதுதான். மாதம் ஒரு தடவை இருவரையும் அந்தப் பாலத்துக்குக் கூட்டிப்போவாள். மூடி இல்லாமல் ஒரு படம், அதில் அந்த உருவம். மூடி போட்டு ஒரு படம், அதில் புகை. இரண்டையும் ஒன்றாக அடுக்குவாள். எத்தனையோ நகரத்தையும் கடலையும் கலந்தவளுக்கு இந்த இரண்டு மட்டும் கலக்கவில்லை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று நின்றதே தவிர, ஒன்றாகவில்லை.

இரண்டு வருஷம் இப்படி. போன மாதம் நான் பேருந்தை விட்டுவிட்டு மழையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கார் வந்து நின்றது.

"ஏறு தம்பி. பின்னாடி ஏறு. முன்னாடி ஆள் இருக்கு."

அக்காவுக்குப் பக்கத்து முன்சீட்டில் யாரும் இல்லை. குறுக்கே பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. பின்சீட்டில் மாமா உட்கார்ந்திருந்தார்... மாமா மாதிரி. நான் கதவோரமாக ஒட்டிக்கொண்டேன். ஜன்னல் பாதி திறந்திருந்தது. என் முடியெல்லாம் பறந்தது. அவருடைய முடி பறக்கவில்லை.

முன்னால் டாஷ்போர்டிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம். டக்... டக்... டக். கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தேன். ஆனால் அது எனக்குத் தெரிந்த தாளம். மனசுக்குள் 'மாமா' என்றே சொல்லிப் பார்த்தேன்.

திடீரென்று முன்சீட்டு பெல்ட் 'க்ளக்'கென்று கழன்றது. 'டிங்... டிங்... டிங்...'

"இன்னும் வீடு வரல" என்றாள் அக்கா, பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல். "ஆடுங்க, ஆடுங்க, எவ்வளவு வேணும்னாலும் ஆடுங்க. நான் ஒண்ணும் சொல்லல. பெல்ட்டை மட்டும் போட்டுக்கங்க." ஒரு கையால் இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது.

பிறகு காரின் பின்பார்வைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. "தம்பி, இன்னிக்கு எடுத்த படத்துல அந்த உடம்போட முழங்கால் லேசா கலங்கியிருக்கு. முதல் தடவையா. சேர ஆரம்பிச்சுட்டார்னு நினைக்கிறேன்."

"புகை எப்படி இருக்கு அக்கா?"

"அது கொஞ்சம் மங்கியிருக்கு. சேர்ந்தா மங்கத்தானே செய்யும்?"

மழை கொஞ்சம் குறைந்தது. என் தெரு முனை தெரிந்தது.

அப்போது முன்னால் தாளம் நின்றது. சட்டென்று. யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதற்காக நிறுத்தின மாதிரி.

கார் முழுக்கத் துரு வாசனை.

டக்.

சத்தம் முன்னாலிருந்து வரவில்லை. என் பக்கத்திலிருந்து வந்தது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கீழே இறக்கினேன். அந்த முழங்கால் ஒரு தடவை ஏறி இறங்கியது. நின்றது. மறுபடி ஏறி இறங்கியது, முன்னைவிடச் சரியாக. பார்த்துப் பார்த்துப் பழகுகிற மாதிரி.

டக்... டக்.

முகம் நேராகவே இருந்தது. கண் இமைக்கவில்லை.

அக்கா சாலையைப் பார்த்தபடியே சிரித்தாள்.

"கேட்டியா தம்பி? ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டார்."